கிளாசிக்கா, அப்பாச்சியா, ஷைனா? ராசிபுரம் தம்பிக்கு ஒரு மெக்கானிக்கின் பதில்

வாசகர் கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்கு 33 வயது. வீடு ராசிபுரத்தில், வேலை சேலத்தில். தினமும் போக வர 55 கி.மீ. பைபாஸில்தான் ஓட்டம். மாதம் ஒரு தடவை மனைவியோடு ஏற்காட்டில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போவோம். அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போவதும் வண்டியில்தான், அவர் புடவையில் ஒரு பக்கமாக உட்காருவார். இப்போது ஓட்டுவது அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டர். என் உயரம் 5 அடி 4 அங்குலம். ஆபீஸ் நண்பர்கள் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடு என்கிறார்கள், இல்லாவிட்டால் ஹோண்டா சிபி350. தம்பி அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி, பல்சர் என்160 இரண்டையும் சொல்கிறான். மனைவியோ ஷைன் 125 போதும் என்கிறாள். எனக்கு மனசு கிளாசிக் மேல். 2017 மாடல் கிளாசிக் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது, அதையும் பார்க்கலாமா? எது சரி, சொல்லுங்கள் அண்ணா.

தம்பி, வணக்கம். எந்த ரோடு, யார் பின்னால் உட்காருவார்கள், உங்கள் உயரம் என்ன என்று மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள். என் பட்டறைக்கு வண்டி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் "எது நல்ல வண்டி?" என்று மட்டும்தான் கேட்பார்கள், அதற்கு என்னால் பதில் சொல்லவே முடியாது. நீங்கள் கேட்ட ஐந்தும் நல்ல வண்டிகள்தான். உங்களுக்கு எது பொருந்தும் என்பதுதான் விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம். நீங்கள் பட்டியலில் போடாத ஒரு வண்டி இருக்கிறது, ஹோண்டா யூனிகார்ன். என் ஓட்டு அதற்குத்தான். எல்லோரையும்விட உங்கள் வீட்டம்மாதான் சரியான பக்கம் நின்று பேசியிருக்கிறார், ஆனால் ஷைனுக்கு ஒரு படி மேலே போக வேண்டும், ஏன் என்பதைப் பைபாஸ் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். கிளாசிக் மேல் உள்ள ஆசையையும் நான் ஒதுக்கிவிடவில்லை, அதற்கும் வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஷோரூம் நோட்டீஸில் போட்டிருக்கும் குதிரைத்திறன் வண்டிக்கு மட்டும் உள்ளது, நீங்களும் மனைவியும் ஏறிய பிறகு அது வேறு கணக்கு. இரண்டு பேரும் சேர்ந்து 130 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாசிக் 350 195 கிலோ, 20.2 குதிரைத்திறன். ஆளோடு சேர்த்தால் 325 கிலோ, அதாவது நூறு கிலோவுக்கு 6.2 குதிரைத்திறன். அப்பாச்சி 160 4வி ஏறக்குறைய 145 கிலோ, 17.3 குதிரைத்திறன். ஆளோடு 275 கிலோ, நூறு கிலோவுக்கு 6.3. பார்த்தீர்களா, 350 சிசி வண்டியும் 160 சிசி வண்டியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. சிபி350-ல் ஹைனஸ் மாடல் 181 கிலோதான், 20.8 குதிரைத்திறன், அதனால் அது கொஞ்சம் மேலே, 6.7. பல்சர் என்160 ஐந்தரை, யூனிகார்ன் 4.8, ஷைன் 4.3. நீங்கள் இப்போது ஓட்டும் ஸ்ப்ளெண்டர் 3.3. அந்த 3.3-ஐ வைத்துக்கொண்டு மாதாமாதம் ஏற்காடு ஏறியிருக்கிறீர்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

கிளாசிக்கும் அப்பாச்சியும் ஒன்றா என்றால், இல்லவே இல்லை. ஓட்டிப் பார்த்தால் இரண்டும் இரண்டு துருவம். அந்தச் சக்தி எந்த ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது, கைக்கு வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கிளாசிக்கின் முழு இழுவை, 27 என்எம் டார்க், 4,000 ஆர்பிஎம்மில் வந்துவிடுகிறது. சிபி350 இன்னும் கீழே, 30 என்எம் 3,000-லேயே. அப்பாச்சியில் 14.7 என்எம், அதுவும் 7,000 தாண்டித்தான், முழுக் குதிரைத்திறன் 9,250-ல். பல்சர் என்160 இரண்டுக்கும் நடுவில், ஆனால் அப்பாச்சி பக்கம் சாய்ந்தது. யூனிகார்னின் இழுவை ஐயாயிரத்துச் சொச்சத்தில் கிடைத்துவிடும், 160 வகையில் அது குறைந்த ஆர்பிஎம்தான்.

இதை ஏற்காட்டு ரோட்டில் வைத்துப் பாருங்கள். அடிவாரத்திலிருந்து மேலே மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. அதில் ஒன்றில், இடது பக்கம் திரும்புகிற வளைவு என்றே வைப்போம், மேலேயிருந்து பஸ் இறங்குகிறது. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது விதி, ஆனாலும் அந்தப் பஸ்ஸுக்கு வளைவு முழுக்கத் தேவைப்படும், நீங்கள் உள்பக்கம் ஒதுங்கி நின்றுதான் ஆக வேண்டும். இடது வளைவின் உள்பக்கம்தான் அந்த ரோட்டிலேயே செங்குத்தான இடம். பின்னால் மனைவி, மடியில் ஒரு பை, வலது கால் பிரேக்கில், இடது கால் தரையில். பஸ் போனதும் அங்கிருந்து கிளம்ப வேண்டும். கிளாசிக்கில் முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விட்டு ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலே போதும், எஞ்சின் முனகாமல் இழுத்துக்கொண்டு ஏறும், வளைவு முடிவதற்குள் இரண்டாவது போட்டுவிடலாம். அப்பாச்சியில் அதே இடத்தில் எஞ்சினை நன்றாக முறுக்கி வைத்து, அரை கிளட்ச்சில் பிடித்து, ஆர்பிஎம் விழாமல் பார்த்துக்கொண்டு விட வேண்டும். ஓட்டத் தெரிந்த பையனுக்கு அது ஒரு சுகம், தனியாக ஏறும்போது அந்த ரோட்டில் அப்பாச்சியைப் பிடிக்க மற்ற நான்கும் திணறும், அவ்வளவு சுறுசுறுப்பாகத் திரும்பும். ஆனால் பின்னால் ஆள் இருக்கும்போது வளைவுக்கு வளைவு இதைச் செய்தால் மேலே போய்ச் சேர்வதற்குள் உங்களுக்கு இடது கை வலிக்கும், அவருக்கு முதுகு வலிக்கும், நாளடைவில் கிளட்ச் பிளேட்டும் சீக்கிரம் தேயும்.

அப்பாச்சியைக் குறை சொல்கிறேன் என்று உங்கள் தம்பி நினைக்க வேண்டாம். ஓசூரில் செய்கிற அந்த வண்டியின் பிரேக், ஃபோர்க், திரும்புகிற விதம் எல்லாம் அந்த விலைக்கு மேலானவை. கல்யாணம் ஆகாத, தனியாக ஓட்டுகிற பையன் கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். பல்சர் என்160 அதைவிட அமைதியான எஞ்சின், நடு ஆர்பிஎம்மில் அதிர்வு குறைவு, பைபாஸ் ஓட்டத்துக்கு நல்ல துணை.

சிபி350 பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் பட்டுப் போல ஓடும், கிளட்ச் இலேசு, டிராஃபிக்கில் கை வலிக்காது. ஆனால் கியர்கள் நீளமானவை. டவுனுக்குள் மூன்றாவது கியரில் 30-ல் போய்க்கொண்டிருந்தால் உடனே பாய்ந்து போகாது, யோசித்துத்தான் கிளம்பும். மலையில் இரண்டாவது கியரில் ஏறலாம் என்று நினைத்த வளைவில் முதல் கியருக்கு இறங்க வேண்டி வரும். டார்க் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து மலை ஏற்றத்துக்கு இதுதான் ராஜா என்று முடிவு கட்டிவிடக் கூடாது, சக்கரத்துக்குப் போய்ச் சேரும் இழுவையைக் கியர் விகிதமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. பைபாஸில் 80-ல் விட்டால் அது அருமையான வண்டி. இன்னொன்று, இதை ஹோண்டாவின் பிக்விங் ஷோரூம்களில்தான் விற்கிறார்கள், சாதாரண ஹோண்டா ஷோரூமில் கிடைக்காது. வீட்டுக்குப் பக்கத்தில் சர்வீஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு யோசியுங்கள்.

சரி, பைபாஸுக்கு வருவோம். உங்கள் ஓட்டத்தில் பெரும்பங்கு இதுதான், ஏற்காடு மாதம் ஒரு நாள்தான். மல்லூர் தாண்டி சீலநாயக்கன்பட்டி வரைக்கும் லாரியும் பஸ்ஸும் விடாமல் ஓடுகிற ரோடு. உங்களுக்கு முன்னால் ஒரு லாரி 60-ல் போகிறது. அதன் பின்னால் இருந்து விலகி, நீளத்தைக் கடந்து, பாதுகாப்பான இடைவெளி விட்டு முன்னால் சேர, லாரியைவிட 40 மீட்டர் கூடுதலாக நீங்கள் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 70-ல் போனால் அதற்கு 14 விநாடி ஆகும். 80-ல் போனால் 7 விநாடி. பத்து கிலோமீட்டர் வேகம் கூடினால் லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நேரம் பாதியாகிறது. லாரி டிரைவருக்கு அந்தப் பக்கக் கண்ணாடியில் உங்களைத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது, அந்த இடத்தில் எவ்வளவு குறைவாக இருக்கிறோமோ அவ்வளவு நல்லது. தினமும் இப்படி எத்தனை லாரியைத் தாண்டுகிறீர்கள்?

ஷைனை நான் தள்ளுவது இதனால்தான். 60, 65-ல் அது போல இனிமையான வண்டி கிடையாது. சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆகும், எடை 114 கிலோ, பராமரிப்பு மிகக் குறைவு. டவுனுக்குள் மட்டும் ஓடுகிறவர் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்வேன். ஆனால் 70-லிருந்து 80-க்குப் போக அது எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம், எதிர்க்காற்று அடித்தாலோ பின்னால் ஆள் இருந்தாலோ இன்னும் அதிகம். ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கியும் வண்டி வேகம் எடுக்காமல் லாரிக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பது ஸ்ப்ளெண்டரில் உங்களுக்கே பழக்கமாகியிருக்கும், அது நல்ல பழக்கம் இல்லை. யூனிகார்ன் 162.7 சிசி, 13 குதிரைத்திறன். பெரிய வித்தியாசம் மாதிரித் தெரியாது. ஆனால் 70, 75-ல் அது நிதானமாக ஓடும், அங்கிருந்து 80-க்குக் கேட்டால் உடனே கொடுக்கும், எஞ்சின் கத்தாது. தினம் 55 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அந்த மிச்சம் இருக்கிற சக்திதான் பாதுகாப்பு.

பைபாஸுக்கு மட்டும் பார்த்தால் கிளாசிக்கும் சிபி350-யும் யூனிகார்னைவிடச் சுகம். இதை மறைக்கக் கூடாது. 80-ல் ஐந்தாவது கியரில் விட்டால் 350 எஞ்சின் பாதித் தூக்கத்தில் ஓடும், எடை இருப்பதால் லாரி கடக்கும்போது அடிக்கும் காற்றுக்கு அசையாது. ஒரு மணி நேரம் ஓட்டினாலும் உடம்பு அலுக்காது. நண்பர்கள் சொல்வது அந்த அளவுக்கு உண்மை.

இப்போது அம்மா. தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த வரிதான், ஆனால் ஷோரூமில் யாரும் இதைக் கேட்கவே மாட்டார்கள். ஒரு பக்கமாக உட்காருகிறவருக்கு மூன்று விஷயம் வேண்டும். உட்காரும் இடம் அகலமாகவும் சமதளமாகவும் இருக்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கைக்கு எட்டுகிற இடத்தில் வேண்டும், கால் வைக்கச் சரியான உயரத்தில் ஒரு படி வேண்டும். அப்பாச்சியிலும் அந்த மாதிரி வண்டிகளிலும் பின்சீட் உயர்ந்து, பின்னால் போகப் போகக் குறுகிவிடும். இரண்டு பக்கம் கால் போட்டு உட்காரும் இளவயதுக்காரருக்கு அது பரவாயில்லை. அம்மாவுக்கு ஏறுவதே சிரமம், ஏறி உட்கார்ந்தாலும் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உங்கள் மேல் சரிந்து வருவார். கிளாசிக்கில் பின்சீட் தனியாக இருக்கும், அகலமும் உண்டு, ஆனால் நீளம் போதாது. ஒரு பக்கமாக உட்காருகிறவருக்கு இடுப்பு அகலம் முழுக்க சீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பாதி கம்பியில்தான். யூனிகார்னில் சீட் ஒரே நீளம், தட்டை, பின்னால் வரைக்கும் அகலம் குறையாது. ஆள் முன்னே பின்னே நகர்ந்து தனக்குச் சரியான இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

புடவைக் கம்பி விஷயத்தில் விளையாடக் கூடாது. சில பேர் அழகு போய்விடுகிறது என்று ஷோரூமிலேயே கழற்றித் தரச் சொல்கிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள். முந்தானை பின்சக்கரத்தில் போனால் ஒரு சுற்றுக்குள் சுருட்டி இழுத்துவிடும், பிரேக் பிடிக்கக்கூட நேரம் இருக்காது. கம்பி இருந்தாலும் முந்தானையையும் கொசுவத்தையும் அம்மா மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். துப்பட்டாவுக்கும் இதேதான். டெலிவரி எடுக்கும் அன்றைக்கே அம்மாவைக் கூட்டிப்போய், உட்காரவைத்து, கால் படி எந்த உயரத்தில் வேண்டும் என்று பார்த்துக் கம்பியை மாட்டச் சொல்லுங்கள்.

உயரம். 5 அடி 4 அங்குலத்துக்கு 800 மில்லிமீட்டர் சீட் உயரம் சமாளிக்கலாம். கிளாசிக் 805, சிபி350-யும் அப்பாச்சியும் 800, யூனிகார்ன் 798, என்160 795. ஐந்துக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்கூட வித்தியாசம் இல்லை. அதனால் சீட் உயரத்தை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். இரண்டு கால் விரல்களும் தரையில் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 140 கிலோ வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் தொடையால் பிடித்துவிடலாம். 195 கிலோ வண்டி, பின்னால் 60 கிலோ ஆள், ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்சம் சரிவு, மணல் வேறு கிடக்கிறது என்றால் ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிடிக்க முடியாது. ஓடும்போது கிளாசிக்கின் எடை தெரியவே தெரியாது, நின்றுகொண்டிருக்கும்போதுதான் தெரியும். உங்கள் ஆபீஸ் ஸ்டாண்டில் முன்சக்கரம் பள்ளத்தில் இருக்கும்படி நிறுத்திவிட்டு, சாயங்காலம் பின்னால் இழுத்து எடுத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

350-தான் வேண்டும், எடைதான் பயம் என்றால் அதே ராயல் என்ஃபீல்டின் ஹன்டர் 350 இருக்கிறது. கிளாசிக்கின் அதே எஞ்சின், 181 கிலோ, 17 அங்குலச் சக்கரம், டவுனுக்குள் நன்றாகத் திரும்பும். ஆனால் பின்சீட் சின்னது, அம்மாவுக்கு ஆகாது. மீட்டியோர் 350 சீட் 765 மில்லிமீட்டர்தான், கால் முழுக்க ஊன்றும், பின்னால் உட்காருகிறவருக்கும் வசதி, ஆனால் நீளமான வண்டி, எடையும் குறையவில்லை.

செலவு. மாதம் 25 நாள் என்றால் 1,375 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், ஷைன் லிட்டருக்கு 55 கொடுத்தால் 2,500 ரூபாய். யூனிகார்ன் 50 கொடுத்தால் 2,750. கிளாசிக் 34 கொடுத்தால் 4,000-க்கு மேல் போகும், சிபி350-க்கும் கிட்டத்தட்ட அதே. மைலேஜ் ஓட்டுகிற கையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும், ஆனால் வித்தியாசம் இந்த அளவில்தான் இருக்கும். யூனிகார்னுக்கும் கிளாசிக்குக்கும் வருஷத்துக்கு 15,000 ரூபாய் பெட்ரோலில் மட்டும் போகிறது. நீங்கள் வருஷத்துக்கு 16,000 கி.மீ.க்கு மேல் ஓட்டுகிறவர், டயரும் செயின் ஸ்பிராக்கெட்டும் உங்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும், எடை கூடிய வண்டியில் அவையும் விலை கூடும். இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் கட்டணம் 75-லிருந்து 150 சிசி வரைக்கும் ஒரு விகிதம், 150-லிருந்து 350 வரைக்கும் இன்னொரு விகிதம். அதில் யூனிகார்னும் கிளாசிக்கும் ஒரே தட்டு, ஷைனுக்குக் குறைவு. புது வண்டிக்கு இதை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும், ஆன் ரோடு விலையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது, அதற்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்து யாராவது பேசினால் ஏமாறாதீர்கள்.

யூனிகார்னில் குறை இல்லையா? இருக்கிறது. பின்னால் டிரம் பிரேக்தான், ஏபிஎஸ், அதாவது திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, முன்சக்கரத்துக்கு மட்டும். என்160-யிலும் கிளாசிக்கின் பெரும்பாலான மாடல்களிலும் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உண்டு, அது பெரிய விஷயம். அதனால் ஏற்காடு இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரிலேயே எஞ்சின் பிடிப்பில் இறங்குங்கள், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போய்ப் பின்பிரேக்கை மிதிக்காதீர்கள். மழை நாளில் இன்னும் கவனம். தோற்றமும் பழைய வண்டி மாதிரிதான் இருக்கும். 2004-ல் மோனோஷாக்கோடு வந்தபோது புதுமை, இப்போது எல்இடி விளக்கும் டிஜிட்டல் மீட்டரும் வைத்திருக்கிறார்கள் என்றாலும் ரோட்டில் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

அதனால் கிளாசிக் ஆசைக்கு வருகிறேன். ஆசைப்பட்டு வண்டி எடுப்பது தப்பே இல்லை. பிடிக்காத வண்டியை வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் அதைச் சரியாகப் பராமரிப்பதும் இல்லை, இதைப் பட்டறையில் கண்ணால் பார்க்கிறேன். மாதம் அந்த 1,250 ரூபாய் உங்களுக்குப் பாரமில்லை, அம்மாவை ஆட்டோவிலோ வேறு வண்டியிலோ கூட்டிப்போக முடியும், 195 கிலோவைத் தள்ளிப் பார்த்துப் பயமில்லை என்றால், கிளாசிக்கே எடுங்கள், நன்றாக இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை. அலாய் சக்கரமும் ட்யூப்லெஸ் டயரும் உள்ள மாடலாகப் பார்த்து எடுங்கள். ஸ்போக் சக்கரம் பார்க்க அழகு, ஆனால் அதில் ட்யூப் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குப் பைபாஸில் பஞ்சர் ஆனால் காற்று மொத்தமாக இறங்கிவிடும், அந்த எடையைத் தள்ளிக்கொண்டு கடை தேட முடியாது. ட்யூப்லெஸ்ஸில் ஆணியோடே மெதுவாக ஓட்டிக் கடைக்குப் போய்ச் சேரலாம்.

எதை எடுப்பதென்றாலும் டெஸ்ட் ரைடு போகாமல் முன்பணம் கட்டாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். மனைவியை உட்காரவைத்து, ஹெல்மெட் இரண்டு பேருக்கும் போட்டுக்கொண்டு, ஷோரூம்காரர் காட்டும் நேர் ரோட்டில் மட்டும் சுற்றிவிட்டு வராமல், ஒரு மேம்பாலம் ஏறுங்கள். மூன்றாவது கியரில் 30-க்கு வந்து அங்கிருந்து ஆக்ஸிலேட்டரைத் திறந்து பாருங்கள், இழுக்கிறதா திணறுகிறதா என்று ஐந்தே விநாடியில் தெரிந்துவிடும். ஏற்றத்தில் பாதுகாப்பான ஓர் ஓரத்தில் நிறுத்தி மறுபடி கிளம்புங்கள். குறுகலான தெருவில் ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்து யூ டர்ன் போடுங்கள். 70-ல் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெளிவாகத் தெரிகிறதா, அதிர்கிறதா பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்கி நின்று, பின்னால் பத்தடி தள்ளுங்கள். கடைசியில் மனைவியைக் கேளுங்கள், முதுகு எப்படி இருந்தது, கால் எங்கே இருந்தது, எதைப் பிடித்துக்கொண்டாய் என்று. ஓட்டுகிறவருக்குக் கையில் ஹேண்டில்பார் இருக்கிறது, ரோட்டில் பள்ளம் வருவது கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் இருப்பவருக்கு இரண்டும் இல்லை, அதனால் வண்டியின் பின்ஷாக் எப்படி என்று அவர்தான் சரியாகச் சொல்வார்.

கடைசியாக அந்த 2017 கிளாசிக். வேண்டாம், தம்பி. இப்போதைய கிளாசிக் 2021 செப்டம்பரில் புது எஞ்சின், புது சேஸிஸோடு வந்தது, அதில் அதிர்வைக் குறைக்க பேலன்ஸர் ஷாஃப்ட் இருக்கிறது. 2017 வண்டியில் இருப்பது பழைய 346 சிசி எஞ்சின், பேலன்ஸர் கிடையாது. 80-க்கு மேல் போனால் கைக்கும் கால் படிக்கும் அதிர்வு நேராக வரும், நீங்கள் ரசித்த கிளாசிக்கின் நிதானம் அதில் 60, 70 வரைக்கும்தான். நண்பரின் புது வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு இதை வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். அதைவிடப் பெரிய காரணம் ஏபிஎஸ். கிளாசிக்கில் ஏபிஎஸ் வந்ததே 2018-ல், 125 சிசிக்கு மேல் எல்லா வண்டிக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். தினம் பைபாஸில் லாரிகளுக்கு நடுவில் ஓட்டுகிறவர், மழையில் ஏற்காடு இறங்குகிறவர், அவ்வளவு எடையுள்ள வண்டியை ஏபிஎஸ் இல்லாமல் ஓட்ட வேண்டாம். பழைய கிளாசிக்தான் கைக்கு எட்டும் என்றால் 2021-க்குப் பிந்தைய மாடல் கிடைக்கும் வரை காத்திருங்கள். அப்படி ஒன்று வந்தால், காலையில் எஞ்சின் சூடாகாமல் இருக்கும்போது போய்ப் பாருங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதும் ஒன்றா, ஃபைனான்ஸ் பாக்கி நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கையோடு கூட்டிப்போங்கள். சேலத்துக்குள் என்றால் எனக்கே ஒரு நாள் முன்னால் சொல்லுங்கள், வருகிறேன்.